அழைத்தனர், அஞ்சினர்!

தோழமை அமைப்பொன்று வட்டார மாநாடு கூட்டுகிறது, நமக்குச் சிறப்பு அழைப்பு வருகிறது, செல்கிறோம். நிலையத்திலே மாலை காத்திருக்கிறது. பந்தலிலே முன்வரிசை நாற்காலி காத்திருக்கிறது. நெடுந்தொலைவு கடந்து வந்த நம்மை நெஞ்சார வரவேற்கும் வரவேற்பிதழ் காத்திருக்கிறது. கையொலி எழுகிறது. நமக்கும் உள்ளம் குளிரத்தான் செய்கிறது. அதிலே தவறில்லை, அன்போடு அழைப்பவரை அன்போடு காண்பது மனிதப் பண்பு.

ஆனால், பேச எழும் வேளையில் ஒரு தயக்கம் நம் தோளைத் தொடுகிறது. அந்த அமைப்பின் கொள்கை ஏட்டிலே எழுதியிருப்பது ஒன்று. ஊருக்குள்ளே நாம் கண்டது வேறொன்று. அதைச் சொல்லலாமா? விருந்தாளியாக வந்த இடத்தில் வீண் வம்பு எதற்கு என்று நாவைக் கட்டிக்கொள்கிறோம். அமைப்பாளர்களைப் பாராட்டுகிறோம், இளைஞர்களை வாழ்த்துகிறோம், நன்றி கூறி அமர்கிறோம். மாலை வாடுவதற்குள் ஊர் திரும்புகிறோம். மாநாடு வெற்றி! மாற்றம்? அது அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

விருந்தினருக்குச் செய்யும் சிறப்பு எது? மாலையா, நாற்காலியா, அல்லது அவர் சொல்லைக் கேட்கும் செவியா? அழைத்தவருக்கு விருந்தினர் செலுத்தும் நன்றி எது? புகழ்ச்சியா, உண்மையா? இந்தக் கேள்விகளை வரலாறு ஒருமுறை பஞ்சாபின் தலைநகராம் லாகூரிலே எழுப்பியது. ஆண்டு 1936. அழைக்கப்பட்டவர் அண்ணல் அம்பேத்கர். அழைத்தவர்கள் பகைவர்கள் அல்லர், பழமைவாதிகளும் அல்லர், சாதியை ஒழிக்கவே அமைப்புக் கண்டவர்கள். அதனால்தான் அந்த நிகழ்ச்சி நமக்குப் பாடமாகிறது. பகைவர் கதவடைத்தால் அதிலே கற்பதற்கு என்ன இருக்கிறது? நண்பர் கதவடைத்தால்தான் நாம் நின்று எண்ண வேண்டும்.

அந்த அமைப்பின் பெயர் ஜாத்-பாத்-தோடக் மண்டல். சாதிப் பிரிவினையை உடைத்தெறியும் கழகம் என்பது பொருள். 1922 ஆம் ஆண்டில் லாகூரிலே தோன்றியது. ஆரிய சமாஜத்திலிருந்து கிளைத்தவர்கள் அதன் முன்னணியினர். முதல் தலைவர் பாய் பரமானந்தர். செயலாளர் சந்த் ராம். சந்த் ராம் குயவர் குடியிலே பிறந்து, பட்டம் பெற்று, எழுத்தையே வாழ்வாகக் கொண்டவர். சாதியின் சுடுசொல்லைத் தம் தோலிலேயே உணர்ந்தவர். சாதி பாராமல் உண்போம், சாதி பாராமல் மணப்போம் என்பது மண்டலின் முழக்கம். அந்நாளில், அந்த மண்ணில், அது சிறிய துணிவன்று. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

1935 அக்டோபர் 13 ஆம் நாள், நாசிக் மாவட்டத்து இயோலாவிலே கூடிய மாநாட்டில், இந்துவாகப் பிறந்துவிட்டேன், ஆனால் இந்துவாக இறக்க மாட்டேன் என்ற தம் முடிவை அம்பேத்கர் அறிவித்தார். நாடெங்கும் அதிர்ச்சி. தலைவர்கள் பதைத்தனர், மடாதிபதிகள் முணுமுணுத்தனர். அந்த அதிர்ச்சி அடங்கு முன்னரே, அதே ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள், சந்த் ராம் அவருக்கு மடல் எழுதினார். மண்டலின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க வரவேண்டும். நாள் பொருந்தாவிட்டால் நாளை மாற்றிக்கொள்ளவும் அணியம் என்பது வேண்டுகோள். மடலிலே இன்னொன்றும் இருந்தது. சாதியைத் தாங்கி நிற்கும் மதக் கருத்துகளைத் தகர்க்காமல் சாதியைத் தகர்க்க இயலாது என்று அம்பேத்கர் கூறியிருந்தார் அல்லவா? அந்தக் கருத்தை விரிவாக விளக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தனர்.

தோழர்களே, இந்த இடத்தை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள். விருந்தினர் தாமாக ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. இன்ன பொருளைப் பேசுங்கள் என்று கேட்டவர்கள் விருந்தளிப்போரே!

அம்பேத்கர் உடனே இசைந்துவிடவில்லை. மேல்சாதிச் சீர்திருத்தக்காரர் மேடையிலே தமக்கென்ன வேலை என்ற ஐயம் அவருக்கு இருந்தது. பம்பாயிலிருந்து ஒருவரை, அதிலும் தீண்டப்படாதவர் எனத் தள்ளப்பட்ட குலத்தவரை, காந்தியாரைக் கண்டிப்பவரை, லாகூர் மாநாட்டுக்கு ஏன் தலைவராக்கினீர்கள் என்று மண்டலைப் பலரும் கேட்பார்கள் என்பதை அவர் அறிவார். அதை உரையின் தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார். மண்டலார் விடவில்லை. மீண்டும் மீண்டும் வேண்டினர். ஆர்வம் உண்மையானது என்று நம்பி இசைந்தார். சாதி இந்துக்களின் மாநாடொன்றுக்குத் தலைமை தாங்க அவருக்கு வந்த முதல் அழைப்பு அது.

அவர் எதிர்பார்த்தபடியே லாகூரிலே முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுப்பு முழக்கமாயிற்று. மகாத்மா ஹன்ஸ்ராஜ், ராஜா நரேந்திரநாத், கோகுல் சந்த் நாரங் ஆகிய பெரிய மனிதர்கள் மண்டலின் இந்த முடிவோடு தமக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்கினர். ஒதுங்கியவர் வரிசையிலே இன்னொரு பெயரையும் காண்கிறோம். காணும்போது நெஞ்சு கனக்கிறது. மண்டலின் முதல் தலைவரான பாய் பரமானந்தரே அவர்!

பரமானந்தர் கோழையா? அல்லர். 1915 இல் லாகூர்ச் சதி வழக்கிலே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். பின்னர் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, அந்தமான் சிறையிலே வாடி, 1920 இல் விடுதலை பெற்றவர். வெள்ளையன் நீட்டிய தூக்குக் கயிற்றைக் கண்டு கலங்காதவர். அவருக்கே இந்த அழைப்பு கசந்தது! ஆள்வோரை எதிர்க்கும் துணிவு வேறு; அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பைத் தாங்கும் துணிவு வேறு. முன்னது இருந்தால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. சிறைக்கு அஞ்சாத எத்தனையோ வீரர்கள் சொந்தச் சாதிப் பந்தியிலே வாய்மூடி உட்கார்ந்ததை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம்.

ஈஸ்டர் விடுமுறையில் நடக்க வேண்டிய மாநாடு மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதற்கிடையே, அதே ஏப்ரல் மாதத்தில், அமிர்தசரஸிலே சீக்கியர்கள் கூட்டிய சமயப் பரப்பு மாநாட்டுக்கு அம்பேத்கர் விருந்தினராகச் சென்று உரையாற்றினார். அமிர்தசரஸ் லாகூருக்கு அருகிலுள்ள ஊர். வேறு சமயத்தார் அவரை அழைத்துப் பேசச் செய்து கேட்டனர். அவரைத் தம்மவர் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கோ அவருடைய வருகையே கலக்கம் தந்தது. மதம் மாறும் எண்ணத்தோடு இருப்பவர் சீக்கியர் மேடையில் தோன்றியது லாகூரில் பலர் மனத்தை உறுத்தியிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மண்டலைச் சேர்ந்த ஹர் பகவான் ஏப்ரல் 9 ஆம் நாள் பம்பாய்க்கே வந்து அம்பேத்கரைக் கண்டு, உரையைப் பற்றிப் பேசிச் சென்றார். அப்படி அந்த உரையிலே என்னதான் இருந்தது?

சமுதாயச் சீர்திருத்தத்தை ஒதுக்கிவிட்டு அரசியல் விடுதலை பேசுவோரிடம் உரை முதலில் கேள்வி தொடுக்கிறது. பிறகு சாதிக்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறது. சாதி வேலைப் பிரிவினைதானே என்பர். வேலையை மட்டுமா அது பிரிக்கிறது? வேலை செய்யும் மனிதரையே பிரித்து, ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்று மறுக்கிறார். குருதித் தூய்மை காக்கும் முறை என்பர். அறிவியல் அதற்கு ஆதாரம் தரவில்லை என்கிறார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றின்மேல் எழும் சமுதாயமே தாம் வேண்டும் சமுதாயம் என்கிறார். சகோதரத்துவத்தைத்தான் மக்களாட்சியின் உயிர் எனக் கொள்கிறார். மக்களாட்சி வெறும் ஆட்சிமுறை அன்று. ஒருவரோடொருவர் கலந்து வாழும் வாழ்க்கை முறை என்பது அவர் கொள்கை.

அடுத்து மருந்துக்கு வருகிறார். கூடி உண்டால் சாதி போய்விடுமா? போகவில்லையே! கலப்பு மணமே உண்மையான மருந்து. ஆனால் மக்கள் ஏன் கலந்து மணப்பதில்லை? அவர்கள் தீயவர்கள் என்பதாலா? இல்லை, சாத்திரத்தைப் புனிதம் என்று நம்புவதால். ஆகவே பிணி மனிதரிடம் இல்லை, மனிதர் நம்பும் சாத்திரத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தகர்க்காமல், கலப்பு மணம் செய்யுங்கள் என்று மேடைதோறும் பேசுவது வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும். புரோகிதத் தொழில் பிறப்புரிமையாக இருத்தல் ஆகாது; தேர்வு வைத்து, அரசு சான்று வழங்கி, தேவையான அளவுக்கே புரோகிதரை அமர்த்த வேண்டும் என்றும் திட்டம் தருகிறார். இறுதியாக, இந்துவாக இருந்து தாம் ஆற்றும் கடைசி உரையாக இது இருக்கக்கூடும் என்றும் குறிப்பிடுகிறார்.

அந்த உரையிலேயே ஒரு பந்தலின் கதையும் வருகிறது. 1887 இல் சென்னையிலே தோன்றிய தேசிய சமூக மாநாடு, ஆண்டுதோறும் காங்கிரசு கூடும் ஊரிலேயே, காங்கிரசுப் பந்தலிலேயே கூடி வந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கூரை. ரானடே போன்றோர் அங்கே விதவை மணம், குழந்தை மணம் முதலியவற்றைப் பேசினர். 1895 இல் பூனாவிலே காங்கிரசு கூடியபோது திலகர் பக்கத்தார் எதிர்த்தனர். சமூக மாநாட்டுக்குப் பந்தலைக் கொடுத்தால் பந்தலையே கொளுத்துவோம் என்னும் மிரட்டலும் எழுந்தது. காங்கிரசு பணிந்தது, சமூக மாநாடு வேறிடம் தேடிக்கொண்டது. சீர்திருத்தத்துக்கு அரசியல் தன் கூரையை மறுத்த கதை இது. இதனை லாகூர்ப் பந்தலிலே சொல்லவே அம்பேத்கர் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதிய மை உலரு முன்னரே லாகூர்ப் பந்தல் அவருக்கே மறுக்கப்படும் நிலை வந்தது!

ஏப்ரல் 22 ஆம் நாள் மண்டலின் சார்பில் ஹர் பகவான் மடல் எழுதினார். மரியாதை குறையாத மடல்தான். உரையின் இறுதிப் பகுதி மாநாட்டுப் பொருளுக்கு அப்பாற்பட்டது. இந்து மதத்தின் அடிப்படையையே அழிப்பது பற்றிய பேச்சு வேண்டாம். வேதம் என்ற சொல்லை இழுக்காமல் இருந்தால் நலம். இதுவே கடைசி உரை என்னும் குறிப்பும் வேண்டாம். இந்தப் பகுதிகளை நீக்கினால் மாநாடு இனிது நடக்கும் என்பது மடலின் சாரம். மாநாட்டையே காலவரையின்றி ஒத்திவைக்கலாம் என்போரும் உள்ளனர் என்ற குறிப்பும் அதிலே இருந்தது.

எண்ணிப் பாருங்கள். மதக் கருத்தைத் தகர்க்காமல் சாதியைத் தகர்க்க இயலாது என்ற கருத்தை விளக்குங்கள் என்று டிசம்பரிலே கேட்டவர்கள், மதக் கருத்தைத் தொடாமல் அதை விளக்குங்கள் என்று ஏப்ரலிலே கேட்கிறார்கள்! கண் நோய் என்று மருத்துவரை அழைத்துவிட்டு, இமையைத் திறக்கக்கூடாது என்பதா?

ஏப்ரல் 27 ஆம் நாள் அம்பேத்கர் மறுமொழி விடுத்தார். ஒரு காற்புள்ளியளவு மாற்றத்துக்கும் இசைய மறுத்தார். தலைவரின் உரையைத் தணிக்கை செய்யும் உரிமை வரவேற்புக் குழுவுக்கு இல்லை என்றார். உரையின் கருத்துகளைக் குழு ஏற்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பேசவிடுங்கள், பிறகு வேண்டுமானால் கண்டனத் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே அவர் நிலை. அதற்கும் மேலே ஓர் அடி வைத்தார். இனி மண்டல் உரையை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் தலைமை தாங்க வரமாட்டேன் என்று முடித்துவிட்டார்.

மாநாடு நடைபெறவில்லை. தலைவரின் கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக வரவேற்புக் குழுவே தலைமையை நீக்கியது இதுவே முதல் முறையாக இருக்கும் என்று அம்பேத்கர் பின்னர் எழுதினார். அந்த எழுத்திலே கோபத்தைவிட வருத்தமே மிகுதி. சீர்திருத்தம் பேசும் சாதி இந்துக்களுக்குத் தம் வைதிக உறவினரை இழக்க மனமில்லை; தன்மானமுள்ள தாழ்த்தப்பட்டோருக்கோ சீர்திருத்தத்தை வலியுறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை; இந்த இரு சாராரின் உறவு துன்ப முடிவு கொள்வதில் வியப்பென்ன என்பது அவர் கண்ட முடிவு.

மண்டலின் பக்கத்திலே நியாயமே இல்லையா? நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சந்த் ராம் தம் தரப்பை மறைக்காமல் எழுதினார். காந்தியாரின் 'ஹரிஜன்' இதழிலே 1936 ஆகஸ்டு 15 ஆம் நாள் அவர் மடல் வெளிவந்தது. அம்பேத்கரைத் தாழ்த்தப்பட்டவர் என்ற பரிவினால் அழைக்கவில்லை. நோயை அவர் கண்டறிந்த விதமே எங்கள் விதமும் என்பதால் அழைத்தோம் என்றார். சாதி இந்துக்களை மனம் மாற்றுவது மாநாட்டின் நோக்கம். விட்டு விலகப் போகிறேன் என்பவர் சொல்லும் அறிவுரை அவர்கள் செவியில் ஏறாதே. ஆகவே அந்த ஒரு குறிப்பை நீக்கக் கேட்டோம் என்றார். இது வஞ்சகர் பேச்சு அன்று. ஊரோடு இருந்து ஊரைத் திருத்த முயலும் தொண்டனின் பேச்சு. இப்படி நாமும் எத்தனை முறை கணக்குப் போட்டிருக்கிறோம்!

ஆனால் கணக்கிலே ஒரு பிழை. வீட்டிலே தீ என்று கூவுபவர் வெளியேறும் வழியையும் பார்த்து வைத்திருக்கிறார் என்பதால் தீ பொய்யாகிவிடுமா? அவர் ஏன் விலகுகிறார் என்பதுதானே அந்தச் சாதி இந்துக்கள் கேட்டாக வேண்டிய செய்தி! அதை மறைத்துவிட்டு எஞ்சியதை மட்டும் கேட்டால், நோயின் பெயர் தெரியும். நோயாளியின் வேதனை தெரியாது. மேலும், நீக்கச் சொன்னது அந்த ஒரு குறிப்பை மட்டும் அன்று. வேதத்தையும் மத அடிப்படையையும் பற்றிய பகுதிகளும் உறுத்தின என்பதை ஏப்ரல் மடல் காட்டுகிறது.

சந்த் ராமின் அதே மடலிலே இன்னொரு செய்தி. இந்தப் பொருள் பற்றித் தாம் அறிந்த அளவில் இதைவிட ஆழ்ந்த ஆய்வுரை வேறில்லை. இந்திய மொழிகள் அனைத்திலும் பெயர்க்கத் தக்கது என்று அவர் பாராட்டுகிறார்! எல்லா மொழியிலும் வரவேண்டிய உரை. எங்கள் பந்தலில் மட்டும் வரக்கூடாத உரை! ஒரு நல்ல மனிதரை இப்படி எழுத வைத்தது எது? பக்கத்து இருக்கையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்த பயம். சந்த் ராம் 1887 முதல் 1988 வரை நூறாண்டு கடந்து வாழ்ந்து, இறுதிவரை சாதிக்கெதிராக எழுதியவர். அத்தகையவரும் ஒரு வசந்த காலத்திலே தயங்கி நின்றார் என்றால், நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதில்லையா?

பந்தல் மறுத்ததை அச்சகம் ஏற்றது. 1936 மே 15 ஆம் நாளிட்ட முன்னுரையோடு, நடந்த மடல் போக்குவரத்தையும் சேர்த்து, உரையை அம்பேத்கர் தம் சொந்தப் பொறுப்பிலே நூலாக்கினார். 1,500 படிகள், விலை எட்டணா. இரண்டு மாதத்திலே தீர்ந்தன. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே குஜராத்தியிலும் தமிழிலும் நூல் வெளிவந்துவிட்டது என்றும், மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் ஆகியவற்றில் பெயர்க்கப்படுகிறது என்றும் குறித்தார். தமிழில் அது 'குடி அரசு' வெளியீடாகச் 'சாதியை ஒழிக்க வழி' என்ற பெயரில் வந்தது. லாகூரிலே கேட்க முடியாதுபோன உரையை ஈரோட்டு அச்சு தமிழ் இளைஞர் கைக்குக் கொண்டுவந்தது. பஞ்சாபின் பந்தல் ஒருநாள் கூட்டத்துக்கு மறுத்தது. அச்சுத்தாள் தலைமுறைகளின் கூட்டத்தைக் கூட்டித் தந்தது.

காந்தியாரும் 'ஹரிஜன்' இதழில் 1936 சூலை 11, 18 ஆகிய நாள்களில் இதுபற்றி எழுதினார். உரையைக் கேட்கும் வாய்ப்பை வரவேற்புக் குழு மக்களுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டது தவறு என்று ஒப்பினார். விலை எட்டணா அதிகம், குறைத்திருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, வருணம் வேறு சாதி வேறு என்று வாதாடினார். அம்பேத்கர் விரிவாக மறுமொழி தந்து, இருவர் எழுத்தையும் இரண்டாம் பதிப்பிலே சேர்த்தார். தம்மை மறுத்தவரின் சொல்லுக்குத் தம் நூலிலேயே இடம் கொடுத்தவர் அவர். தமக்கு மறுக்கப்பட்ட விருந்தினர் மரியாதையை, தம்மை மறுத்தவருக்கு அவர் மறுக்கவில்லை. பண்பு என்றால் இதுவன்றோ!

காலம் தன் தீர்ப்பை எழுதிற்று. 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியிலே இலட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். சொன்ன சொல் இருபத்தோராம் ஆண்டிலே செயலாயிற்று. 1947 இல் லாகூரே எல்லைக்கு அப்பாலாயிற்று. நாக்கிலே வரக்கூடாது என்று லாகூரிலே தடுக்கப்பட்ட கருத்துகள் நம் தமிழகத்திலே சட்டப் புத்தகம் வரை நடந்து வந்தன. புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணம் 1967-68 இல் அண்ணா ஆட்சியிலே சட்ட ஏற்புப் பெற்றது. கோயில் அர்ச்சகர் பணியில் பரம்பரை உரிமையை 1970 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீக்கியது. 2021 ஆகஸ்டிலே பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகராக அமர்த்தப்பட்டனர். வழக்குகள் வந்தன, தடைகள் வந்தன. என்றாலும் பேசவே கூடாது என்ற நிலை போயிற்று.

ஆயினும் நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 2011-12 இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து திருமணங்களே சாதி கடந்தவை. உண்மையான மருந்து என்று அம்பேத்கர் சொன்னது இன்னும் நூற்றில் ஐந்து பேர் நாவிலேதான் பட்டிருக்கிறது. காதலித்த குற்றத்துக்காகத் தமிழ்நாட்டிலும் இளைஞர் வெட்டப்படுகின்றனர். அந்தச் செய்தி வரும் நாளிலும் எங்கோ ஒரு மாநாடு நடக்கிறது, மாலை விழுகிறது, கையொலி எழுகிறது.

ஆகவே, இளந்தோழர்களே, அடுத்த முறை தோழமை அமைப்பின் மாநாட்டுக்குச் செல்லும்போது லாகூரை நினைத்துக்கொள்வோம். கடுமொழி பேசிப் புண்படுத்தச் சொல்லவில்லை. அம்பேத்கரின் மடல்களிலே வசை இல்லை, வளைவும் இல்லை. அழைத்தவரின் பணியில் நல்லதை நன்று என்போம். குறையையும் குறை என்போம். அவர்கள் மாநாட்டிலே பெண்கள் பேசவில்லையா? கேட்போம். அவர்கள் ஊரிலே இரட்டைக் குவளை இருக்கிறதா? கேட்போம். மேடையிலே சமத்துவம் பேசியவர் மகளின் மணத்துக்குச் சாதி பார்க்கிறாரா? கேட்போம். கேட்பதற்காக அடுத்த ஆண்டு அழைப்பு வராமல் போகலாம். போகட்டும். மனச்சான்றை விற்று வாங்கிய நாற்காலியைவிடத் தன்மானத்தோடு நிற்கும் தெரு மேலானது.

நாம் அழைப்போராக இருக்கும்போது? அதுதான் கடினமான பாடம். விருந்தினர் உரையை முன்கூட்டிக் கேட்டு வாங்கி, இந்த வரி வேண்டாம், அந்தப் பெயர் வேண்டாம், உள்ளூர்ப் பெரியவர் வருந்துவார் என்று சொல்லும் கை நம் கையாகவும் இருக்கக்கூடும். பகுத்தறிவு பேசும் நாமும் நம் தலைவர்களை, நம் நடைமுறைகளை, நம் குடும்பங்களைக் கேள்வி கேட்க வரும் விருந்தினருக்குப் பந்தலைத் திறந்து வைக்கிறோமா? நம் பக்கத்துப் புனிதங்களை ஒருவர் தொடும்போது நம் முகம் சுளிக்கிறதா? சுளித்தால், நமக்குள்ளும் ஒரு வரவேற்புக் குழு ஒளிந்திருக்கிறது; ஏப்ரல் 22 ஆம் நாள் மடல் நம் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதைக் கிழித்தெறிவோம்.

அன்று லாகூருக்கு விருந்தினர் வந்திருந்தால் கூட்டம் கொதித்திருக்கலாம். சிலர் எழுந்து போயிருக்கலாம். மண்டல் இரண்டாக உடைந்தும் போயிருக்கலாம். ஆனால் சாதியை உடைக்கப் புறப்பட்ட கழகம், சாதி உடைவதற்காகத் தான் உடைந்தது என்ற பெருமையாவது அதற்கு நிலைத்திருக்கும். உடையாமல் தப்பியது மண்டல். உடையாமல் தப்பியது சாதியும்!

மாலை வாடும், பந்தல் பிரிக்கப்படும், நாற்காலிகள் வாடகைக் கடைக்குத் திரும்பும். சொன்ன சொல்லும், கேட்ட செவியுமே நிலைக்கும். அழைப்போம், அஞ்சாது கேட்போம். அழைக்கப்படுவோம்; அஞ்சாது சொல்வோம்.